மஞ்சப்பைக்குள் இருந்த ஆறு மாதம்

எங்கள் வீட்டில் அந்த நோயின் பெயரை ஏழு மாதம் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அம்மா "சளி" என்பாள். ஆயா "அந்த இது" என்பாள். நைனா ஒன்றும் சொல்ல மாட்டார், பாப்பா மாத்திரை போட்டாளா என்று மட்டும் கேட்பார். ஆஸ்பத்திரிக் காகிதங்களை எல்லாம் ஒரு மஞ்சப்பையில் சுருட்டி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருந்தோம். வீட்டுக்கு யாராவது வந்தால் அந்தப் பக்கம் பார்வை போகாதபடி அம்மா டிரம்மை மறைத்துக்கொண்டு உட்கார்ந்துகொள்வாள்.

அந்தப் பையை வெளியே எடுக்கத் தெரியாமல் என் தங்கச்சி பாப்பாவின் படிப்பையே தொலைக்கப் பார்த்தோம். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தொண்டையார்பேட்டையில் ஓர் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, கல்லூரி விண்ணப்பம் என்று தினமும் கை ஓய்வதில்லை. எங்களுக்கு நடந்த மாதிரியே நடந்த பிள்ளைகளை ஒவ்வொரு ஜூனிலும் கவுண்டருக்கு அந்தப் பக்கம் பார்க்கிறேன். அதனாலும்தான்.

2022 ஜூலை. பாப்பா பத்தாவது. ஒன்பதாவதில் வகுப்பில் முதல் மார்க் வாங்கியவள். காசிமேட்டில் எங்கள் வீடு ஒரே அறை, ஒரே ஜன்னல், ஆறு பேர். முதலில் சாயந்திரம் ஆனால் காய்ச்சல் வந்தது. அப்புறம் வறட்டு இருமல். பக்கத்து கிளினிக் டாக்டர் ஒரு வாரத்துக்கு மாத்திரையும் டானிக்கும் கொடுத்தார். அடுத்த வாரம் மாத்திரையை மாற்றினார். மூன்றாவது வாரம் ஊசி போட்டார். எக்ஸ்ரே எடுக்கச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை, கேட்க எங்களுக்கும் தெரியவில்லை. பாப்பா வலப் பக்கமாகவே சாய்ந்து படுக்க ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தில் முதல் மாடி ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்குகிறாள் என்று அவள் தோழி வந்து சொன்ன பிறகுதான் நைனா அன்றைக்கு வேலைக்குப் போகாமல் அவளைக் கூட்டிக்கொண்டு ஸ்டான்லிக்குக் கிளம்பினார்.

ஆயா இன்றைக்கும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்லும். 1782-ல் பஞ்சத்தில் பட்டினி கிடந்த சனங்களுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம் அது. எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர் சொன்னால் ஆட்டோக்காரருக்கும் புரியும்.

எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்தது. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது, எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார்கள். பாப்பாவை நாற்காலியில் திருப்பி உட்காரவைத்து, முதுகுப் பலகை மேல் இரண்டு கைகளையும் மடித்து வைத்துத் தலையைச் சாய்த்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் முன்னால் மண்டிபோட்டு அவள் கைகளைப் பிடித்துக்கொண்டேன். விலா எலும்புகளுக்கு நடுவில் விரல் வைத்துத் தட்டித் தட்டிப் பார்த்து, மரத்துப்போகும் ஊசி ஒன்று, அப்புறம் பெரிய ஊசி. பாட்டிலுக்குள் நீர் இறங்கியது. டிகாக்‌ஷனில் நிறையத் தண்ணீர் ஊற்றினால் வருமே, அந்த நிறம். முக்கால் லிட்டர் இருக்கும். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். அவள் பார்த்தாள். முடிந்து சட்டையைச் சரிசெய்துகொண்டே, "இது எங்கேருந்து சார் வருது?" என்று அந்தச் சின்ன வயசு டாக்டரைக் கேட்டாள். அவர் ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் ஒரு நுரையீரலை வரைந்து, அதைச் சுற்றி இரண்டு கோடு போட்டு, ப்ளூரா என்ற அந்த இரண்டு சவ்வுக்கும் நடுவில் புள்ளி புள்ளியாக வைத்துக் காட்டினார். டாக்டர் ஆவேன் என்று ஏழாவதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவள்தான். நான் அதை நம்பியது அன்றைக்குத்தான்.

காசநோய். ஆறு மாதம் மாத்திரை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து ஒன்றாகச் சேர்ந்த மாத்திரை, அப்புறம் நான்கு மாதம் மூன்று மருந்து சேர்ந்தது. எடையைப் பார்த்துத்தான் எண்ணிக்கை. பாப்பா 41 கிலோ, தினமும் மூன்று. எல்லாம் இலவசம், எங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். சத்தான சாப்பாட்டுக்கென்று அப்போது மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் போட்டார்கள், அதில் முட்டை வாங்கினோம். மாத்திரை போட்ட முதல் நாள் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போக, ரத்தம் என்று நினைத்து அம்மா அலறிவிட்டாள். ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் நிறம் அது, பயப்பட ஒன்றுமில்லை என்று சுகாதார நிலைய நர்ஸ் அக்காதான் உட்காரவைத்துச் சொன்னார்கள்.

மருந்தை விடக் கஷ்டம் எங்கள் பயம். ஆயா அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஒதுக்கிவிட்டது. சின்னத் தம்பியை அவள் பக்கத்தில் விடவில்லை. பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டது ஒன்று, அன்றைக்கே தெரிந்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் அடித்துக்கொள்கிறது. 1956-ல் நம் சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கினார்கள். சென்னையின் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில், அதாவது காசநோய் ஆஸ்பத்திரியில், சேர்த்தும், மறு பகுதியினரை அவரவர் குடிசையிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்த சானடோரியத்துக்காரர்களுக்கு ஈடாகவே வீட்டில் இருந்தவர்களும் தேறினார்கள். வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் ஆபத்து கூடிவிடவில்லை. 1959-ல் வெளிவந்த அந்த முடிவுதான் உலகம் முழுக்கக் காசநோயாளியை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுக்கலாம் என்று மாற்றியது. நம் ஊர்ச் சனங்கள் நம் ஊர் வீடுகளில் நிரூபித்த விஷயம். அறுபது வருடம் கழித்து, அதே ஊரில், ஒரு பதினைந்து வயதுப் பெண் மூலையில் தனி டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் "காய்ச்சல்" என்றுதான் சொன்னோம். காலாண்டு எழுதவில்லை. அரையாண்டில் இரண்டு பரீட்சைதான் எழுதினாள். வாந்தியும் மூட்டுவலியும் இருந்த நாட்களில் போகவில்லை. ஒரு நாளும் டாக்டர் சீட்டு கொடுத்ததில்லை. கொடுத்தால் அதில் நோயின் பெயர் இருக்குமே. நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று வந்தால் என்ன ஆகும் என்பது அம்மாவின் கவலை. அந்த வயசில் நானும் அதைச் சரி என்றே நினைத்தேன். பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரை பாப்பா அடிக்கடி மட்டம் போடும் பெண்ணாகிவிட்டாள்.

2023 பிப்ரவரியில் மருந்து முடிந்தது. ஏப்ரலில் பொதுத்தேர்வு. மே 19-ம் தேதி ரிசல்ட். தமிழ் 72, ஆங்கிலம் 44, கணக்கு 38, அறிவியல் 47, சமூக அறிவியல் 60. மொத்தம் 261. அறிவியலில் செய்முறைத் தேர்வு மார்க்கைக் கழித்துவிட்டால் எழுதி வாங்கியது 24-தான். என் மையத்துக் கம்ப்யூட்டரில் நான்தான் பார்த்தேன். அவளுக்குப் போன் போட்டுச் சொல்ல வாய் வரவில்லை, பிரிண்ட் எடுத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனேன்.

"பாஸ்தானேக்கா?" என்றாள்.

பாஸ்தான். ஆனால் பிளஸ் ஒன் குரூப் கொடுப்பது மார்க் வரிசையில். அவள் படித்த அரசுப் பள்ளியில் சயின்ஸ் குரூப் 350-க்கு மேல் வாங்கியவர்களோடு முடிந்துவிட்டது. ஆபீஸ் ரூமில் இருந்தவர் மார்க் லிஸ்ட்டைத் திருப்பித் தந்துவிட்டு, "அறிவியல் 47 வாங்கிட்டு சயின்ஸ் குரூப் கேக்குறியேம்மா, நாளைக்கு பிளஸ் டூல பெயிலானா நாங்கதானே பதில் சொல்லணும்? ஹிஸ்டரி குரூப்ல போடறேன், நல்லா படிச்சுக்கோ" என்றார். திட்டவில்லை, அன்பாகத்தான் சொன்னார். பாப்பா வாயே திறக்கவில்லை. நானும் "சரி சார்" என்று எழுந்து வந்துவிட்டேன். அந்த "சரி சார்" இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது.

இங்கே நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கான தரவரிசையில் பத்தாவது மார்க்குக்கு இடமே கிடையாது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்த்துப் பொதுப்பிரிவுக்கு 50 சதவீதம், எங்களைப் போல மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சமூகம், பழங்குடியினருக்கு 40 சதவீதம் இருந்தால் தகுதி. அதற்கு மேல் நீட் மார்க்தான் எல்லாம். நீட் வந்த 2017-க்கு முன்னால் பிளஸ் டூ மார்க்கை வைத்து இடம் கொடுத்த காலத்திலும் பத்தாவதைப் பார்த்ததில்லை. (நீட் இல்லாத அந்த முறையே எங்களைப் போன்ற வீடுகளுக்கு நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.) பத்தாவது மார்க் வழியை மறிப்பது மருத்துவக் கல்லூரி வாசலில் இல்லை. அதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே, பிளஸ் ஒன் குரூப் கொடுக்கும் மேஜையில் மறித்துவிடுகிறது. உயிரியல் எடுக்காமல் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைக்கு அந்தப் பாதை அங்கேயே ஏறக்குறைய அடைபட்டுப்போகும். அந்த மேஜைக்கு முன்னால்தான் நான் "சரி சார்" சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

விஷயம் தெரிந்ததும் மாமா ஒரு யோசனை சொன்னார். தனியார் மெட்ரிக் பள்ளி ஒன்றில் பணம் கட்டினால் பயாலஜி குரூப் கொடுக்கிறார்கள், முதல் தவணைக்கு அவரே கடன் ஏற்பாடு செய்கிறேன் என்றார். அம்மா தோட்டைக் கழற்றி வைத்துவிட்டாள். அந்த ஒரு இடத்தில் மட்டும் என் வேலை கைகொடுத்தது. 2020-ல் கொண்டுவந்த சட்டப்படி, மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு. அந்த இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணத்தை அரசே கட்டும். ஆறு, ஏழு, எட்டு என்று ஒவ்வொரு வகுப்புக்கும் படித்த பள்ளியிலிருந்து சான்று வாங்க வேண்டும், அந்தப் படிவத்தை எத்தனையோ பேருக்கு நான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருடம் தனியார் பள்ளிக்குப் போனால் முன்னால் படித்த ஐந்து வருடமும் அதற்குச் செல்லாது. அரசு உதவி பெறும் பள்ளிக்குப் போனாலும் அதே கதைதான். எங்கள் பக்கம் ராயபுரம், வண்ணாரப்பேட்டையில் உதவி பெறும் பள்ளிகள் நிறைய, நல்ல பள்ளிகள், கட்டணமும் குறைவு. "கவர்மென்ட் ஸ்கூல் மாதிரிதானே" என்று நம்பி அங்கே மாற்றிவிட்டு, இரண்டு வருடம் கழித்து என் கவுண்டரில் வந்து உடைந்துபோன பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். குரூப் கிடைக்கவில்லை என்று பள்ளி மாற்றுவதானால் அரசுப் பள்ளியிலிருந்து இன்னோர் அரசுப் பள்ளிக்கோ மாநகராட்சிப் பள்ளிக்கோ மட்டும்தான் மாற்ற வேண்டும். இதை மட்டும் யாராவது நினைவில் வைத்துக்கொண்டால் போதும், இத்தனை எழுதியதற்கு.

அன்றைக்கு ராத்திரி சாப்பிட்ட பிறகு அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து மஞ்சப்பையை எடுத்துத் தரையில் கொட்டினேன். அம்மா ஓடிவந்து கதவைச் சாத்தினாள். எக்ஸ்ரே, ஓ.பி. சீட்டுகள், டிஸ்சார்ஜ் தாள், மாதாமாதம் எடை எழுதிய சிகிச்சை அட்டை. 41, 41, 43, 44, 46, 47. தேதி வாரியாக அடுக்கினோம். பள்ளி நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாப்பாவே ஒரு முழுத்தாளில் எழுதினாள். காலாண்டு நடந்த வாரம் எந்த மருந்து, அரையாண்டின்போது என்ன நிலைமை, மருந்து முடிந்ததற்கும் பொதுத்தேர்வுக்கும் நடுவில் எத்தனை நாள் என்று. ஒன்பதாவது ரேங்க் கார்டை மேலே வைத்தாள். நோயின் பெயரை எழுதும் இடத்தில் பேனாவை நிறுத்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா, "எழுதுடி" என்றாள்.

பழைய பள்ளிக்கே முதலில் போனோம். தலைமையாசிரியர் படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. "ஏம்மா, இதை ஆகஸ்ட்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சாயந்திரம் தனியா உக்கார வெச்சு சொல்லிக் குடுத்திருப்போமே" என்றார். அங்கே இடம் நிஜமாகவே இல்லை. ஆனால் அவரே வேறொரு அரசுப் பள்ளிக்குப் போன் செய்தார். தமிழ் வழி சயின்ஸ் குரூப்பில் அங்கே இடம் காலியாக இருந்தது. வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், போய்ச் சேர முக்கால் மணி நேரம். அந்தப் பள்ளியின் விலங்கியல் டீச்சர் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "ப்ளூரா-ன்னா என்னன்னு சொல்லு பார்ப்போம்" என்று பாப்பாவைக் கேட்டார். பாப்பா டீச்சர் மேஜை மேலிருந்த சாக்பீஸை எடுத்து, போர்டில் ஒரு நுரையீரல் போட்டு, அதைச் சுற்றி இரண்டு கோடு போட்டு, நடுவில் புள்ளி வைத்தாள்.

அப்புறம் நடந்ததை நீட்ட வேண்டியதில்லை. பிளஸ் ஒன் முதல் பருவத்தில் இயற்பியலில் திணறினாள். பத்தாவது கணக்கில் விட்ட பாடமெல்லாம் அங்கே கடன்காரன் மாதிரி வந்து நின்றது. பள்ளியிலேயே நடந்த இலவச நீட் பயிற்சிக்கு ஒரு நாளும் தவறியதில்லை. 2025-ல் பிளஸ் டூவில் 468. மே 4-ம் தேதி முதல் தடவையாக நீட் எழுதினாள். 180 கேள்விக்கு 180 நிமிடம், சரியானதற்கு நாலு, தப்புக்கு ஒன்று கழியும். இயற்பியலைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவள் கேட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். உயிரியல் நன்றாகத்தான் போட்டிருந்தாள். 7.5 சதவீத ஒதுக்கீட்டிலும் இடம் எட்டவில்லை. நர்சிங் கிடைத்திருக்கும், அதுவும் நல்ல படிப்பு, சேர்ந்துகொள் என்று நான்தான் சொன்னேன். "ஒரே ஒரு தடவைக்கா" என்றாள். எத்தனை தடவை எழுதலாம் என்பதற்கு நீட்டில் வரம்பு கிடையாது, வயசுக்கும் மேல் வரம்பு கிடையாது. எங்கள் வீட்டுக்குத்தான் வரம்பு உண்டு. நைனா யோசித்துவிட்டு ஒரு வருடம் என்றார்.

இடையில் ஒருநாள் ஓர் அம்மா மையத்துக்கு ஏதோ ஸ்கேன் எடுக்க வந்தார்கள். அவர்கள் அக்கா குடும்பம் அமெரிக்காவில். அங்கே பள்ளி முடித்த கையோடு ஏழெட்டு வருடத்துக்குச் சேர்த்துக்கொண்டு நேராக டாக்டராக்கும் படிப்புகள் இருக்கின்றன, அக்கா பையன் அதற்கு விண்ணப்பிக்கிறானாம். ஒன்பதாவதில் அவனுக்கும் உடம்பு சரியில்லாமல் போய் மார்க் விழுந்திருந்தது. அங்கே ஒன்பதாவதிலிருந்தே மார்க்கெல்லாம் விண்ணப்பத்தோடு போகும், மறைக்க முடியாது. ஆனால் விண்ணப்பத்திலேயே கூடுதலாகச் சொல்ல வேண்டியதைச் சொல்ல ஓர் இடம் இருக்கிறது, பள்ளியின் ஆலோசகரும் கடிதம் எழுதுவார் என்றார்கள். எனக்கு ஏக்கமாக இருந்தது. நம்முடைய விண்ணப்பத்தில் பழைய மார்க்கை வைத்து யாரும் வரிசைப்படுத்துவதில்லை, அது நல்லது. ஆனால் என்ன நடந்தது என்று சொல்ல ஒரு வரிகூட இல்லை. சொல்வதற்கு நமக்கு இருக்கும் இடமெல்லாம் ஒரு தலைமையாசிரியரின் மேஜைதான். அதற்கு முன்னால் வெறும் மார்க் லிஸ்ட்டோடு போய் நின்றால் அந்த மார்க் லிஸ்ட் மட்டும்தான் பேசும்.

இப்போது பாப்பா காலையில் படித்துவிட்டு, மத்தியானம் மூன்று மணி நேரம் என்னோடு மையத்தில் இருக்கிறாள். கூட்டம் இல்லாதபோது ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்து ஸ்டூலில் இயற்பியல் கணக்குகள். போன வாரம் ஓர் அம்மாவும் பையனும் வந்தார்கள். வருமானச் சான்றுக்கு. பையன் முகம் ஊதிப்போய் இருந்தது. மாத்திரையினால் வரும் ஊதல் அது, பாப்பா பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள். கிட்னி பிரச்சினை, எட்டு மாதமாக வைத்தியம் நடக்கிறது, பத்தாவது படிக்கிறான், பாதி நாள் ஸ்கூலுக்கே போகவில்லை என்று அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்கள். ஸ்கூலில் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"காய்ச்சல்னுதாம்மா."

பாப்பா நோட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். "ஆஸ்பத்திரி சீட்டெல்லாம் கையில இருக்காம்மா? குடுங்க, ஒரு செட் ஜெராக்ஸ் போட்டுத் தர்றேன். காசு வேணாம்" என்றாள். அந்த அம்மா பையனைப் பார்த்தார்கள். அப்புறம் சேலைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் கவுண்டர் மேல் வைத்தார்கள்.